“அவங்களே பேசித் தீர்த்துக்கட்டும்” என்று விட்டுவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வேலை, தொழில் பற்றி வரும் பக்கங்களை விடாமல் படிக்கிறவள் நான். எந்தப் படிப்புக்கு என்ன வேலை, நேர்முகத் தேர்வுக்கு எப்படித் தயாராவது, அடுத்து எந்தத் தொழில்நுட்பம் வரும் என்று நிறைய எழுதுகிறீர்கள். பயனுள்ளதாகவும் இருக்கிறது. ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு ஒருவருடைய தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தொழில்நுட்பம் இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது, மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் வெட்டிப் பேசுவது, நாம் செய்த வேலை இன்னொருவர் பெயரில் மேலே போவது, இந்த மாதிரி விஷயங்கள்தான். இதைப் பற்றி யாராவது எழுதினாலும் “பொறுமையாக இருங்கள், எல்லாரிடமும் இனிமையாகப் பழகுங்கள்” என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

17 வருடங்களாக புராஜெக்ட்களை ஒருங்கிணைக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு குழுவில் இரண்டு பேருக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே “அது அவங்க குணம்”, “ரெண்டு பேருக்கும் ஈகோ” என்று பெயர் வைத்து ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை வேலையைப் பிரித்துக் கொடுத்த விதத்தில் இருந்த ஓட்டையிலிருந்து வந்தவை. அந்த ஓட்டையை அடைக்க வேண்டியவர் குழுவின் பொறுப்பில் இருப்பவர். அவர் கண்டுகொள்ளாமல் நகர்ந்துவிட்டால், ஓட்டைக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்வார்கள். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அப்படி நகர்ந்துபோனவர்களில் நானும் ஒருத்தி.

பல வருடங்களுக்கு முன் ஒரு மென்பொருள் புராஜெக்ட். நாங்கள் 11 பேர். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒருவர் தலைமை, டெஸ்டிங் பார்க்கிறவர்களுக்கு ஒரு பெண் தலைமை. இரண்டு பேருமே வேலையில் கெட்டிக்காரர்கள், முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அந்தப் பெண் குறைகளின் பட்டியலை அனுப்பும்போது மேலதிகாரிகள் எல்லாரையும் நகலில் சேர்க்க ஆரம்பித்தார். புரோகிராம் தலைவர் அதற்கு “சரி” என்று ஒரே சொல்லில் பதில் போட ஆரம்பித்தார். இன்னும் சில வாரத்தில் இருவரும் நேரில் பேசுவதே நின்றுபோய், ஒருவர் சொல்ல வேண்டியதை மூன்றாவது ஆள் மூலமாக இன்னொருவரிடம் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த மூன்றாவது ஆள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பையன், இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? எதுவும் செய்யவில்லை. ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகளா, அவங்களே பேசித் தீர்த்துக்கட்டும், நாம் இடையில் போனால் பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். நான்காவது மாதம் அந்தப் பெண் வேலையை விட்டுப் போனார். அவர் ஒப்படைத்த கோப்புகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முழுச் சோதனைக்கு இரண்டு வாரம் ஆகாமல் எதையும் வெளியே விடக்கூடாது என்று அவருடைய மேலதிகாரி எழுத்தில் சொல்லியிருக்கிறார். புரோகிராம் பக்கத்து மேலதிகாரியோ வாடிக்கையாளரிடம் வேறொரு தேதி கொடுத்திருக்கிறார், அந்தக் கணக்கில் சோதனைக்கு மிஞ்சியது 4 நாள். இரண்டு பேரும் அவரவர் மேலதிகாரி சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் புரோகிராம் தலைவர் தரத்தைப் பற்றிக் கவலையே இல்லாத ஆளாகத் தெரிந்தார், அவருக்கு அந்தப் பெண் வேண்டுமென்றே முட்டுக்கட்டை போடுகிறவராகத் தெரிந்தார். அந்த இரண்டு தேதிகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருக்க வேண்டிய வேலை என்னுடையது. பத்து நிமிட வேலை.

இந்தப் பார்வைக் கோளாறுக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு. லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977இல் இதை அடிப்படைக் காரணப் பிழை என்ற பொருளில் குறிப்பிட்டார். அடுத்தவர் செய்வதற்கு அவருடைய குணத்தைக் காரணமாகப் பார்க்கிறோம், அவர் மாட்டிக்கொண்டிருக்கும் சூழ்நிலையைக் கணக்கில் எடுப்பதில்லை. நாம் தாமதமாக வந்தால் வழியில் நெரிசல், அவர் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாதவர். சூழ்நிலை கண்ணுக்குத் தெரியாது, ஆள் மட்டும் தெரிவார். புராஜெக்ட் குழுவில் இது இன்னும் மோசமாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் ஒவ்வொருவரும் வேறு வேறு துறையிலிருந்து சில மாதங்களுக்கு மட்டும் வந்திருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் சொந்தத் துறையில் ஒரு மேலதிகாரி, புராஜெக்ட்டில் இன்னொருவர். ஒருவருக்கு யார் என்ன நெருக்கடி கொடுக்கிறார்கள் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

அதனால் இப்போதெல்லாம் என்னிடம் யாராவது “அவரோட வேலை செய்ய முடியல” என்று வந்தால், அவர் எப்படிப்பட்டவர் என்று நான் கேட்பதில்லை. எந்த விஷயத்தில் முட்டியது, அதில் முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்கிறேன். ஆச்சரியம் என்னவென்றால், இரண்டாவது கேள்விக்கு இரண்டு பேரும் வேறு வேறு பெயரைச் சொல்வார்கள். பல நேரம் இருவரும் தங்கள் பெயரையே சொல்வார்கள். யார் செய்வது, யார் முடிவு சொல்வது, யாரைக் கலந்து பேச வேண்டும், யாருக்குத் தெரிவித்தால் போதும் என்று நான்கு வகையாகப் பிரித்து ஒரு பட்டியல் போடுவார்கள், புராஜெக்ட் வட்டாரத்தில் ரேசி என்று சொல்வது வழக்கம். அதைத் தொடக்கத்தில் ஒரு சடங்காகப் போட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். தகராறு வரும்போது எடுத்துப் பார்த்தால், பத்தில் ஏழெட்டு தடவை அந்த ஒரு வேலைக்கு எதிரே இரண்டு பெயர் இருக்கும், அல்லது யார் பெயருமே இருக்காது. இது என் அனுபவக் கணக்கு, ஆராய்ச்சி இல்லை.

ஆட்களின் எண்ணிக்கையும் ஒரு காரணம். 5 பேர் இருக்கும் குழுவில் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துப் பார்த்தால் 10 ஜோடி. 11 பேர் என்றால் 55 ஜோடி. என் புராஜெக்ட் தாமதமானதும் மேலிடத்தில் இன்னும் 4 பேரைச் சேர்த்தார்கள், ஜோடிகள் 105 ஆகிவிட்டன. ஒவ்வொரு ஜோடியும் ஒரு பேச்சு வழி, ஒவ்வொன்றிலும் ஒரு தவறான புரிதலுக்கு இடம் இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயங்குதளத்தை உருவாக்கும் பணியை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே சொல்லிவிட்டார், தாமதமான மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நேரமும் இந்தப் பேச்சு வழிகளின் பெருக்கமும்தான் அவர் சொன்ன காரணங்கள். நாங்கள் அதை நேரிலேயே பார்த்தோம். புதிதாக வந்த 4 பேரும் முதல் வாரத்திலேயே “நீங்க யார் பக்கம்?” என்ற கேள்வியைச் சந்திக்க வேண்டியிருந்தது.

சரி, மோதல் எல்லாக் குழுவிலும் வருவதுதானே, தானாக அடங்கிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. அதற்குத் துணைக்கு புரூஸ் டக்மன் என்ற உளவியலாளர் 1965இல் சொன்ன நான்கு கட்டங்களை எடுத்துக்கொள்வார்கள். குழு முதலில் கூடும், பிறகு மோதும், பிறகு ஒழுங்குக்கு வரும், அப்புறம் நன்றாகச் செயல்படும் என்பது அதன் சாரம். பயிற்சி வகுப்புகளில் இந்த வரைபடம் போடாத வகுப்பே இல்லை எனலாம். ஆனால் டக்மன் அந்தக் கட்டுரையை எழுதியது வேறு பலர் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துத்தான், அவற்றில் பெரும்பகுதி மனநலச் சிகிச்சைக் குழுக்களும் பயிற்சிக் குழுக்களும். டெட்லைன் கழுத்தை நெரிக்கும் புராஜெக்ட் குழு அந்த வரிசையில்தான் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டாவது கட்டத்திலேயே நின்றுபோய், வேலை முடிந்து கலைகிற வரை மோதிக்கொண்டே இருந்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். “இது இயற்கையான கட்டம், கடந்து போகும்” என்று சொல்லிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருக்க டக்மன் யாருக்கும் அனுமதி தரவில்லை.

இன்னொரு பிரபலமான பேச்சு, “ஆரோக்கியமான மோதல் நல்லது” என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. 1990களில் கேரன் ஜென் என்ற ஆய்வாளர் குழுக்களில் வரும் மோதலை வேலையைப் பற்றிய கருத்து வேறுபாடு என்றும், ஆட்களுக்கு இடையிலான கசப்பு என்றும் பிரித்துக் காட்டினார். முதல் வகை சில நேரம் நன்மை செய்யும், இரண்டாவது வகை கெடுதல்தான் என்பது பொதுவான புரிதலாக இருந்தது. 2003இல் டி ட்ரூ, வைன்கார்ட் என்ற இருவர் பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டபோது முதல் வகையும் சராசரியாகக் குழுவின் செயல்பாட்டைக் கெடுக்கவே செய்கிறது என்று வந்தது. பின்னால் வந்த அலசல்கள் அதைக் கொஞ்சம் தணித்தன, இரண்டாவது வகை கலக்காமல் இருந்தால் முதல் வகையால் அவ்வளவு கெடுதல் இல்லை என்று. நடைமுறையில் சிக்கல் அந்தக் கலப்பில்தான். “இந்த வடிவமைப்பு சரிவராது” என்று ஆரம்பிக்கிற பேச்சு “நீங்க சொன்னா எதுவுமே சரிவராதுன்னுதான் சொல்வீங்க” என்று முடிய இரண்டே நிமிடம் போதும். அந்த இரண்டாவது வாக்கியம் வந்த அன்றே யாராவது குறுக்கே போய் நிறுத்த வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் இருவரும் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள்.

எழுத்தில் நடக்கும் சண்டை தனி. 2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானவர்கள் மின்னஞ்சலை வைத்துச் சில சோதனைகள் செய்தார்கள். ஒரு வாக்கியத்தைக் கிண்டலாகவோ உண்மையாகவோ எழுதி அனுப்பியவர்கள், படிப்பவருக்கு அது நன்றாகவே புரியும் என்று நம்பினார்கள். படித்தவர்களோ காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேலாகச் சரியாகச் சொன்னார்கள். நம் தொனி நமக்குள் கேட்கிறது, அடுத்தவருக்குக் கேட்பதில்லை. இப்போது பல குழுக்கள் நேரில் பார்த்துக்கொள்வதே இல்லை, ஒருவருக்குக் காலை இன்னொருவருக்கு நடுராத்திரி, எல்லாப் பேச்சும் செயலியில் எழுத்தாகத்தான். அதனால் என் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒரே விஷயத்தில் எழுத்தில் இரண்டு முறைக்கு மேல் மறுப்பு வந்தால் மூன்றாவது முறை எழுதக்கூடாது, கூப்பிட்டுப் பேச வேண்டும். பேசி முடித்து என்ன முடிவு என்பதை மட்டும் எழுத வேண்டும். அப்புறம், குறை சொல்லும் அஞ்சலில் மேலதிகாரியை நகலில் சேர்ப்பதற்கு முன் அந்த ஆளிடம் நேரில் ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்திருந்தால் அந்தப் பெண் வேலையை விட்டிருக்க மாட்டாரோ என்று இப்போதும் நினைக்கிறேன்.

“எல்லா வேலையும் நான்தான் செய்றேன், அவர் சும்மா உட்கார்ந்திருக்கார்” என்ற புகாரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், நான் அதிகம் கேட்டது இதுதான். 1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இருவர், கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழுமைக்கும் மேலே போனது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு நினைவிருக்கிறது, அடுத்தவர் செய்தபோது நாம் அங்கே இல்லை. புராஜெக்ட்டிலும் இதேதான். டேட்டாவைச் சுத்தம் செய்ய ஒருவர் மூன்று இரவு உட்கார்ந்தது, அழகான அறிக்கை தயாரித்தவருக்குத் தெரியாது. வாரம் ஒரு முறை யார் எதை முடித்தார்கள், எது இழுக்கிறது என்பதை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தாலே இந்தப் புகாரில் பாதி அடங்கிவிடும்.

மீதிப் பாதி உண்மையாக இருக்கலாம், சிலர் நிஜமாகவே சாய்ந்துகொள்கிறார்கள். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1913இல் வெளியிட்ட கயிறு இழுக்கும் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். 8 பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுப்பதில் ஏறக்குறைய பாதி அளவுதான் இழுத்தார்கள். இதைச் சொல்லி மனிதன் சோம்பேறி என்று முடிப்பார்கள். ஆனால் ரிங்கல்மான் முக்கியமாகச் சந்தேகப்பட்டது, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே சீராக இழுக்க முடியாததை. 1974இல் வேறு சிலர், பங்கேற்பவரின் கண்ணைக் கட்டி, மற்றவர்களும் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்து அவரை மட்டும் இழுக்கவிட்டார்கள். அப்போதும் இழுவை குறைந்தது. அதாவது இரண்டுமே உண்டு, ஒருங்கிணைப்புக் குறைவும் உண்டு, முயற்சிக் குறைவும் உண்டு. எது எவ்வளவு என்று பார்க்காமல் ஒருவரைச் சோம்பேறி என்று முத்திரை குத்தினால், அவர் அந்த முத்திரைக்கு ஏற்றபடியே நடக்க ஆரம்பித்துவிடுவார்.

சண்டை போடுகிற குழுவைவிட எனக்கு இப்போது அதிகம் பயம் தருவது சத்தமே இல்லாத குழு. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டத்தில் கேஎல்எம் விமானம் கிளம்பி ஓடத் தொடங்கியபோது, பான் ஆம் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேஎல்எம் விமானத்தின் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. விபத்துக்குப் பனி, வானொலியில் ஒன்றோடொன்று மோதி மறைந்த பேச்சு என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் சந்தேகம் வந்த ஆள் இருந்தார், கேட்கவும் செய்தார், அது போதவில்லை. இதையும் இதுபோன்ற வேறு விபத்துகளையும் ஆராய்ந்த பிறகு, 1979இல் நாசா ஒரு பயிலரங்கம் நடத்தியது, அதிலிருந்து விமானக் குழுவினருக்கான தனிப் பயிற்சி பிறந்தது. இளையவர் தயங்காமல் எப்படிச் சொல்வது, மூத்தவர் எப்படிக் கேட்டுக்கொள்வது இரண்டையும் அதில் கற்றுக்கொடுக்கிறார்கள். இரண்டும் கற்றுக்கொடுத்தால்தான் வரும் என்று அந்தத் துறை ஒப்புக்கொண்டது. நாம் மட்டும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைக் குழுவில் சேர்த்துவிட்டு “ஏதாவது இருந்தா ஓப்பனா சொல்லு” என்று ஒரு வாக்கியத்தோடு முடித்துக்கொள்கிறோம்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகளின் எண்ணிக்கை அதிகமாகப் பதிவாகியிருந்தது. முதலில் அவருக்கே குழப்பம். அங்கே தவறுகள் அதிகம் நடக்கவில்லை, பயமில்லாமல் சொல்கிறார்கள் என்பது பிறகு புரிந்தது. உளவியல் பாதுகாப்பு என்று இன்று எல்லாரும் சொல்கிற கருத்தை அவர் 1999இல் விரிவாக எழுதினார். கூகுள் தன் குழுக்களை ஆராய்ந்தபோதும் நல்ல குழுக்களின் முதல் அடையாளமாக அதுவே வந்தது. மேனேஜராக இருப்பவர்கள் தங்களை ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். போன மாதம் என் குழுவில் யாராவது என்னிடம் கெட்ட செய்தியோடு வந்தார்களா? வரவில்லை என்றால், கெட்ட செய்தி இல்லாததால் அப்படி என்று நம்பிவிடாதீர்கள்.

இரண்டு பேரை உட்காரவைத்துப் பேசும்போது நான் என்ன செய்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முதலில் தனித்தனியாகப் பார்ப்பேன், அதுவும் ஒரே நாளில், ஒருவரிடம் பேசியது ஆறிப்போவதற்குள் இன்னொருவரிடம். நடந்ததைக் கேட்பேன், கருத்தைக் கேட்க மாட்டேன். “அவர் எப்பவுமே லேட்” என்றால், கடைசியாக எது, என்றைக்கு வர வேண்டும், என்றைக்கு வந்தது, அதனால் உங்களுக்கு என்ன ஆனது என்று கேட்பேன். “செவ்வாய்க்கிழமை வர வேண்டிய ஃபைல் வியாழக்கிழமை வந்தது, எனக்கு ரெண்டு நாள் டெஸ்டிங் போச்சு” என்று அவர் சொல்லும்போதே அவருடைய குரல் இறங்குவதைக் கவனித்திருக்கிறேன், ஏனென்றால் இது பதில் சொல்லக்கூடிய புகார், முதலில் சொன்னதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அப்புறம் இருவரையும் சேர்த்து வைத்து, மற்றவர் இதே வாக்கியத்தைக் கேட்கிற மாதிரி சொல்லவைப்பேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லி யாரையும் வற்புறுத்துவதில்லை, அது வெறும் வாய் வார்த்தையாகப் போகும். அடுத்த இரண்டு வாரத்துக்கு என்ன மாற்றிக்கொள்ளப் போகிறார்கள் என்பதை ஒன்றிரண்டு வரியில் எழுதி வைத்து, இரண்டு வாரம் கழித்து மறக்காமல் கேட்பேன். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் கைகுலுக்கியதோடு முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள், மூன்றாவது வாரம் பழையபடி ஆரம்பமாகிவிடும்.

இப்படிப் பேசிய பிறகும் ஒட்டாத ஜோடிகள் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு பேர் நண்பர்களாக இருக்க வேண்டும் என்று எந்த புராஜெக்ட்டும் கேட்பதில்லை. அவர்களுக்கு இடையில் கைமாறும் வேலையைக் குறைத்து, கைமாறுகிற இடத்தில் எழுத்தில் தெளிவாக வைத்துவிட்டால் போதும். வலுக்கட்டாயமாகச் சுற்றுலா கூட்டிப்போய் விளையாட்டு வைத்து ஒட்டவைக்கிற வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு தேதி சிக்கல் கயிறு இழுப்பதால் தீராது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவர் இன்னொருவரைத் தொடர்ந்து அவமானப்படுத்துவது, மிரட்டுவது, பாலியல் தொல்லை கொடுப்பது, பிறப்பையோ உடலையோ சொல்லிக் குத்துவது, இவை “கருத்து வேறுபாடு” இல்லை. இங்கே சமாதானம் பேச உட்காரவைப்பது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. நான் மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. நடந்ததைத் தேதியோடு எழுதி வைத்து, முறையான புகாராகக் கொடுக்க வேண்டும், கொடுக்கிறவருக்குப் பக்கத்தில் குழுவில் யாராவது நிற்க வேண்டும். வேலையிடத்தில் வன்முறையும் தொல்லையும் இல்லாமல் இருப்பது உரிமை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் தனது 190ஆவது உடன்படிக்கையிலேயே எழுதிவைத்திருக்கிறது. இதையும் “அவங்க ரெண்டு பேருக்கும் ஆகாது” என்ற மூட்டையில் போட்டுக் கட்டும் மேனேஜர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியம் எவ்வளவு வசதியானது என்பதற்கு இதைவிட மோசமான உதாரணம் எனக்குத் தெரியாது.

பொறுப்பில் இல்லாத, குழுவில் ஒருவராக மட்டும் இருக்கிற வாசகர்கள், “மேனேஜர் எதுவும் செய்யலன்னா நாங்க என்ன செய்றது” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உங்களால் அதிகாரம் செலுத்த முடியாது, ஆனால் கேட்க முடியும். எதிரில் இருப்பவரிடம் “உங்களுக்கு யார் என்ன தேதி கொடுத்திருக்காங்க?” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அந்தப் பையனைப் போல நடுவில் மாட்டிக்கொண்டவராக இருந்தால், “இதை நீங்களே அவர்கிட்ட நேர்ல சொல்லிடுங்க, நான் கூட வர்றேன்” என்று சொல்லிப் பாருங்கள். இது சுலபம் என்று சொல்ல மாட்டேன், முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிறகு மேனேஜரிடம் போகும்போது ஆளைப் பற்றிச் சொல்லாமல், முட்டிக்கொள்ளும் இரண்டு வேலைகளைப் பற்றிச் சொல்லுங்கள். ஆளைப் பற்றிச் சொன்னால் அவர் நகர்ந்துவிடுவார், நான் நகர்ந்த மாதிரி. இரண்டு தேதிகளை ஒரே தாளில் எழுதி மேசையில் வைத்தால் அவ்வளவு எளிதாக நகர முடியாது.

அந்தப் பெண்ணை ஒரு வருடம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினேன். கோப்பில் பார்த்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “அவருக்கு நாலு நாள்னு சொல்லியிருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது மேடம், தெரிஞ்சிருந்தா அவர்கிட்ட அப்படிப் பேசியிருக்க மாட்டேன்” என்றார். அவர் இப்போது வேறு இடத்தில் நன்றாக இருக்கிறார். அந்தப் புரோகிராம் தலைவரிடமும் இதைச் சொன்னேன், அவர் தன் பங்குக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பியதாகப் பிறகு தெரிந்தது, என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். வேலை பற்றிய பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது இதற்கு இடம் கொடுங்கள். நிபுணர் ஒருவர் அறிவுரை சொல்வதாக வேண்டாம். குழுவில் மாட்டிக்கொண்டவர்கள், விலகிப் போனவர்கள், நடுவில் நின்று தீர்த்துவைத்தவர்கள், தீர்க்க முடியாமல் விட்டவர்கள், பெயரும் நிறுவனமும் வெளிவராமல் எங்கே முட்டியது என்று எழுதட்டும். நான் எழுதியதில் தவறு இருந்தால் அதையும் யாராவது எழுதட்டும், குறிப்பாக மேனேஜர் எதுவும் செய்யாமல் விட்டதே நல்லதாகப் போன அனுபவம் யாருக்காவது இருந்தால் அதைப் படிக்க எனக்கு உண்மையாகவே ஆசை.

இப்படிக்கு,
ஒரு புராஜெக்ட் ஒருங்கிணைப்பாளர்
(பெயரை வெளியிட வேண்டாம்)